சிவசமுத்திரத்து மின்சாரம்

காவேரி அருவியாய் விழும் சிவசமுத்திரத்தில் 1902-ம் வருஷம் நிறுவப்பட்ட மின்சார நிலையத்தின் பத்து யந்திரங்களும் சேர்ந்து உண்டாக்கக்கூடிய சக்தி 42 மெகாவாட்தான். இக்காலத்து அனல் நிலையங்களில் ஒரே யந்திரம் 500 மெகாவாட் தருகிறது. ஆயினும், இந்தச் சிறு நிலையத்தின் வரலாறு காவேரி வழக்கில் அக்கறையுள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டியதாகும்.

மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரின் ஊக்கத்தால் பிறந்த நிலையம் இது. அது இயங்குவதைப் பாராமலே அவர் 1901-ல் காலமானார். முதல் மின்சாரம் சமஸ்தானத்துப் பிரஜைகளின் வீட்டுக்குச் செல்லவில்லை. 92 மைல் கம்பி வழியே கோலார் தங்க வயலுக்குச் சென்றது. பெங்களூர் வீதிகளுக்கு விளக்கு வந்தது 1905-ல்தான். சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து போன ஏழைத் தமிழர்கள். லாபம் பெற்றவர்கள் லண்டன் பங்குதாரர்கள். மின்சாரத்துக்குக் கம்பெனி கட்டணம் செலுத்திற்று என்பது வாஸ்தவமே. பூமிக்கடியில் உழைத்தவனுக்கு அதனால் என்ன வந்தது?

கோடையில் ஆறு வற்றும். சுரங்க யந்திரங்களோ ஓயா. 1911-ல் விசுவேசுவரய்யா கண்ணம்பாடி அணையைத் தொடங்கியதற்குப் பாசனத்தோடு இதுவும் ஒரு காரணம். தஞ்சை மிராசுதார்களின் கவலையும், சென்னை, மைசூர் சர்க்கார்களின் 1924-ம் வருஷத்து ஒப்பந்தமும் அந்த அணையைத் தொடர்ந்து வந்தவை.

2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சிவசமுத்திர நிலையம் மூடப்படவில்லை. கண்ணம்பாடியிலிருந்தும் கபினியிலிருந்தும் தமிழ்நாட்டுக்கு விடப்படும் நீர் சிவசமுத்திரத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். மின்சாரச் சக்கரம் நீரைக் குடிப்பதில்லை. சக்கரத்தைச் சுழற்றிய நீர் குறையாமல் மேட்டூரை நோக்கி வருகிறது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு பிலிகுண்டுலுவில் நமக்கென நிர்ணயித்த 177.25 டி.எம்.சி.யைக் கொடுப்பது முழு நஷ்டம் என்று பேசும் கன்னட நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

தவிர, பழைய சக்கரங்கள் ஏற்கும் நீருக்கு ஓர் அளவுண்டு. அணை நிரம்பி வழியும் வெள்ளத்தில் பெரும்பகுதி அவற்றைத் தொடாமலே அருவியில் வீழ்ந்துவிடும். மாதந்தோறும் அளவாய் விடும் நீரே யந்திரத்துக்கு உகந்தது. குறுவைக்கும் சம்பாவுக்கும் அதுவே தேவை. ஆகவே, அணை திறக்கும் அட்டவணையை வகுக்கையில் இரு ராஜ்யத்துப் பாசன அதிகாரிகளோடு சிவசமுத்திரத்து மின்சார எஞ்சினீயரையும் அழைத்து உட்கார வைக்க வேண்டுமென்பது நமது கோரிக்கை.