லேசர் கண்ணுக்கு மறையும் கார்

சாலையோரம் நிற்கும் போலீஸ்காரர் கையிலுள்ள லேசர் ஸ்பீடு கன், எதிரே வரும் காரை நோக்கி ஏறக்குறைய 904 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி காரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. 300 மீட்டர் தள்ளி வரும் காரைத் தொட்டுத் திரும்ப ஒளிக்கு இரண்டு மைக்ரோ நொடி போதும். அடுத்தடுத்த துடிப்புகளில் அந்தத் தூரம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும். அரை நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்படியென்றால் திரும்பும் ஒளியைக் குறைத்துவிட்டால் தப்பிக்கலாமே என்ற எண்ணம்தான் அமெரிக்காவில் ஒரு தனி வியாபாரமாக வளர்ந்தது. அகச்சிவப்பை உறிஞ்சும் பூச்சை ஹெட்லைட்டில் தடவுவார்கள், நம்பர் பிளேட்டின் மேல் வடிகட்டித் தகடு பொருத்துவார்கள். இந்தியாவிலும் நெடுஞ்சாலைகளில் லேசர் கருவிகள் வந்துவிட்டதால், இந்தச் சரக்கு சொல்வதைச் செய்யுமா, செய்தால் யாருக்கு என்ன ஆகும் என்று பார்த்துவிடுவது நல்லது.

முதலில் கணக்கு. கருவிக்குத் திரும்பிவரும் ஒளி, தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறையும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். காரின் முன்பக்கம் முழுவதும் எதிரொளிக்கும் திறனை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால்கூட, கருவி எட்டும் தூரம் பாதியாகத்தான் குறைகிறது. 600 மீட்டரில் பிடிபட வேண்டிய கார் 300 மீட்டரில் பிடிபடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 300 மீட்டரைக் கடக்க கிட்டத்தட்ட பதினோரு நொடி ஆகும். கருவிக்கு வேண்டியதோ அரை நொடி. தவிர, முன்பக்கம் முழுவதையும் அப்படி மங்க வைப்பதும் நடவாத காரியம். இரவில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே நம்பர் பிளேட், வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பொருளால் செய்யப்படுகிறது. லேசர் கற்றை 300 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிவதால் பானெட்டைக் குறிவைத்தாலும் பிளேட்டில் படும். வேகம் அளக்கும் இன்னொரு வகையான ரேடார் கருவியோ மைக்ரோ அலையில் இயங்குவது. அதற்கு இந்தப் பூச்சு ஒரு பொருட்டே இல்லை.

பலன் இவ்வளவுதான் என்றால் ஆபத்து அதைவிடப் பெரியது. நவீனக் கார்களில் சில, முன்னால் இருப்பதைத் தாமே உணர்ந்து பிரேக் போடுவதற்காக லிடார் என்ற லேசர் உணரியை வைத்திருக்கின்றன. அவற்றில் பலவும் இயங்குவது 905 நானோமீட்டரில், அதாவது போலீஸ் கருவியின் அதே அலைவரிசையில். போலீஸுக்கு மறைய முயலும் கார், தன்னை இடிக்காமல் நிற்க வேண்டிய இன்னொரு காரின் கண்ணுக்கும் மங்கலாகிவிடும். பெயிண்ட் நிறுவனங்கள் இதை நன்றாக உணர்ந்திருக்கின்றன. அடர் நிறக் கார்களை லிடார் சரியாகப் பார்ப்பதில்லை என்பதால், அமெரிக்காவின் பிபிஜி நிறுவனம் அகச்சிவப்பை அதிகம் எதிரொளிக்கும் கருமையான பூச்சை உருவாக்கியது. அதற்கு முன்மாதிரி கத்திரிக்காய்! அதன் கருநீலத் தோல் அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடுகிறது, வெள்ளைச் சதை அதைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் வெயிலிலும் காய் சூடேறுவது குறைகிறது. உலகம் கார்களை இன்னும் நன்றாகத் தெரியவைக்கப் பாடுபடும்போது, காசு கொடுத்து எதிர்த்திசையில் போவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. ஹெட்லைட்டில் பூசினால் இரவில் சாலைக்கு விழ வேண்டிய வெளிச்சமும் குறையக்கூடும். நம்பர் பிளேட்டை மூடினால், அந்தக் கார் திருடுபோனால் தேட வேண்டிய கேமராவும் அதைப் படிக்க முடியாமல் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் கலிபோர்னியா, டெக்சாஸ், வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் எதிர் லேசரைப் பாய்ச்சிக் கருவியைக் குழப்பும் ஜாமர்களைத் தடைசெய்திருக்கின்றன. பிரிட்டனில் ஜாமர் வைத்திருந்தவர்கள், நீதியின் போக்கைக் கெடுத்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். வெறும் பூச்சு அந்த அளவுக்குப் போவதில்லை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாமல் வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பாடியில் பூசிய பெயிண்டுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று வாதாட இடமுண்டு. ஹெட்லைட்டிலும் நம்பர் பிளேட்டிலும் கைவைத்தவர் அப்படி வாதாடுவது கடினம். அதிவேகத்துக்காகக் காருக்கு விதிக்கும் அபராதமோ 183ஆம் பிரிவின்படி 1,000 முதல் 2,000 ரூபாய். அதிலிருந்து தப்பப் போய்ச் சிறைவாசம் வரை உள்ள பிரிவில் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

கருவி தவறாகக் காட்டாதா, அப்போது தற்காத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பார்கள். காட்டும், கேள்வி நியாயமானது. அளக்கும்போது கை நகர்ந்து கற்றை காரின் பக்கவாட்டில் வழுக்கினால் வேகம் தவறாக வரலாம். ஆனால் சரியாக அளந்ததையும் தவறாக அளந்ததையும் பூச்சு பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்க்கும் வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, மின்னணுக் கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. கண்காணிக்கும் பகுதிக்கு முன்பாக எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். நோட்டீஸ் 15 நாட்களுக்குள் வர வேண்டும். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், மீறப்பட்ட பிரிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். வேக வரம்பே நியாயமில்லை என்பவர்களும் 112ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். அரசு ஒரு சாலைக்குத் தனி வரம்பு வைக்கிறதென்றால், அரசிதழில் அறிவித்துப் பொருத்தமான இடங்களில் பலகையும் வைக்க வேண்டும்.

உரிமையைப் பேசும் நாமே இன்னொரு எண்ணையும் பேசித்தான் ஆக வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. காவல்துறைப் பதிவுகள் எல்லாவற்றையும் அதிவேகத்தின் தலையில் கட்டிவிடுகின்றன என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கலாம். ஆனாலும் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் காரைவிட 100இல் போகும் கார் 56 சதவீதம் கூடுதல் ஆற்றலோடு மோதும் என்பது எந்தப் பதிவையும் சார்ந்ததல்ல.

ஆகவே இ-சலான் வந்தால் பணம் கட்டுவதற்கு முன் படத்தைத் திறந்து பாருங்கள். அந்த இடத்தில் பலகை இருந்ததா என்று போய்ப் பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கருவியின் ஒப்புதல் சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அளவு தவறென்று நம்பினால், அதை முறைப்படி மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சான்று காலாவதியாகியிருந்தால் முதலில் அதைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.