சில்லறையில் விளைந்த செல்வம்

கொடைக்கானல் நகருக்கு வடக்கே, மலைச்சரிவில் படிப்படியாய் வெட்டப்பட்ட வயல்களின் நடுவே அமைந்த ஊர் வில்பட்டி. அங்கு விளையும் பூண்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் மூட்டை மூட்டையாய் மலையிறங்கிச் செல்கின்றன. செய்தித்தாளும் வார இதழும் மாத இதழும் மலையேறி வருகின்றன. முன்னாளில் ஒரு வீட்டார் வாங்கிய இதழ் நான்கு வீடுகளைச் சுற்றிவிட்டே திரும்பும். தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து ஊசி நூலால் தைத்து, டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துக் காத்த அன்னையர் நம் மலைக்குடும்பங்களில் பலர் உண்டு. அந்த இதழின் விலை, ஒருநாள் கூலியிலிருந்து எண்ணிக் கொடுக்கப்பட்ட சில்லறை.

இவ்வாறு ஊர் ஊராய் விழுந்த சில்லறை பல்லாயிரக்கணக்கில் ஒன்று சேர்ந்தே தமிழகத்தில் சில பத்திரிகைக் குடும்பங்கள் பெருஞ்செல்வம் எய்தின. நிலத்தாலோ ஆலையாலோ வந்த செல்வத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பணம் தந்தவர்கள் வாசகர்கள். அவர்களுள் பெரும்பாலோர் எளியவர்கள். ஆகவே, அச்செல்வம் பின்னர் என்னவாயிற்று, தந்தவர்களுக்கு எவ்வுருவில் திரும்பிற்று எனக் கேட்பது பிறர் பெட்டியை எட்டிப் பார்க்கும் செயலன்று. ஏழைக்குக் கொடுக்கும் செல்வன் தன்னுடையதைக் கொடுக்கவில்லை, அவனுடையதையே திருப்பித் தருகிறான் என்பது புனித அம்புரோசியாரின் போதனை. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1967-ல் வெளியிட்ட 'மக்களின் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடலில் அதை எடுத்தாண்டிருக்கிறார். அந்த அளவுகோலை நாமும் கையில் வைத்துக்கொள்வோம்.

கண்ணுக்குத் தெரியும் கொடைகளை முதலில் சொல்லிவிடலாம். சி.பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் தேநீர்க்கடையில் உட்கார்ந்து செய்தி அறியும்படி எளிய தமிழைப் பரப்பினார். அக்குடும்பத்தின் கொடையாகத் திருச்செந்தூரில் கல்லூரிகள் எழுந்தன. தென்காசிக் கோயிலின் சிதைந்த இராஜகோபுரம் அவருடைய மைந்தர் சிவந்தி ஆதித்தனின் பெருமுயற்சியால் மீண்டும் ஒன்பது நிலைகளுடன் எழுந்து, 1990-ல் குடமுழுக்குக் கண்டது. 'தினமலர்' குடும்பத்தைச் சேர்ந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் ஈடுபாடு வேறுவகையானது. தேய்ந்துபோன பழங்காசுகளைத் தேடிச் சேர்த்து, 1984-ல் ஒரு செப்புக்காசில் 'பெருவழுதி' என்னும் பெயரைப் படித்துக் காட்டினார் அவர். சங்ககாலப் பாண்டியர் தம் பெயரிலேயே காசு வெளியிட்டனர் என்பது அதனால் தெளிவாயிற்று. 2021-ல் அவர் மறைந்தார். செல்வர்களின் பொழுதுபோக்குகள் எல்லாம் இவ்வளவு பயன் தந்தால் நாட்டுக்கு நல்லது!

கல்லூரியையும் கோபுரத்தையும் நாம் குறைத்துக் கூற மாட்டோம். ஆயினும் திருச்செந்தூரின் கல்லூரி வில்பட்டிக்கு எட்டாது. எட்டியது எது? சில்லறை கொடுத்து வாங்கிய அந்தத் தாளிலேயே அச்சாகி வந்த கலைதான். பத்திரிகை நடத்துவோன் செய்யக்கூடிய முதற்கொடை, தான் விற்கும் தாளில் விலைக்கு மேற்பட்டதை வைப்பதே என்பது நம் கருத்து.

எஸ்.எஸ். வாசன் 1928-ல் 'ஆனந்த விகடன்' இதழை வாங்கிப் பெருவளர்ச்சி பெறச் செய்தார். ஜெமினி ஸ்டூடியோவையும் நிறுவினார். நகைச்சுவைத் துணுக்கும் தொடர்கதையும் விற்பனையை உயர்த்தும். கோயிற் சிற்பம் உயர்த்துமா? அந்த விகடன்தான் 'சில்பி' என்னும் ஓவியரைத் தமிழகத்துக் கோயில்களுக்கு அனுப்பியது. நாமக்கல்லைச் சேர்ந்த பி.எம். சீனிவாசன் என்பவரே சில்பி. அப்பெயரைச் சூட்டியவர் விகடனின் மற்றோர் ஓவியரான மாலி. சில்பி சிலையின் முன்னே அமர்ந்து, அதன் விரல்மடிப்பும் அணிகலனும் பிசகாமல் கோட்டோவியமாய் வரைந்து தந்தார். தேவன் அவற்றுக்கு விளக்கம் எழுத, 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் பெயரில் வாரந்தோறும் அவை வெளிவந்தன. கோயில் வாசலைக்கூடக் காணாத மலைக்கிராமத்துச் சிறுவனும் பல்லவர், சோழர் காலக் கல்வேலையைத் தன் மடியில் விரித்துப் பார்த்தான்.

இவ்விடத்தில் நமக்கு ஓர் ஏக்கம் எழுவதை மறைப்பானேன்? நம் பழைய பங்கு ஆலயங்களின் மரப்பீடங்களையும் தூய மரியன்னை சுரூபங்களையும் தேர்ச்சிற்பங்களையும் அவ்வாறு வரைந்து வைக்க நமக்கொரு சில்பி வாய்க்கவில்லை. புதுப்பித்தல் என்னும் பெயரில் மறைந்த பீடங்கள் பல. அவற்றின் உருவம் முதியோர் நினைவில் மட்டுமே உண்டு. கையில் பணமுள்ள நம் குடும்பங்கள் இதையும் ஒரு புண்ணியச் செயலாய் எண்ணிப் பார்க்கலாகாதா?

குழந்தைகளின் பக்கம் திரும்புவோம். 1947-ல் பி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா'வை அறியாத தமிழ்வீடு அன்று இல்லை எனலாம். தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளுடன் நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் என்னும் கே.சி. சிவசங்கரன் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவ்விதழுக்காகவே உழைத்தார். 2020-ல் அவர் மறைந்தபின், மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. இவ்விதழ் பார்வையற்ற குழந்தைகளுக்காகச் சில ஆண்டுகள் பிரெய்ல் எழுத்திலும் வெளியிடப்பட்டது. அதில் ஆதாயம் ஏது? நாகி ரெட்டி 1972-ல் வடபழனியில் விஜயா மருத்துவமனையையும் நிறுவினார். மருத்துவமனை பெரிய கொடைதான். ஆனால் விரல்நுனியால் விக்கிரமாதித்தன் கதையைத் தடவிப் படித்த ஒரு குழந்தையின் முகம் நம் மனத்தில் அதைவிடத் தெளிவாய் நிற்கிறது. 'அம்புலிமாமா' பின்னர்க் கைமாறி, 2013-ல் நின்றுபோயிற்று.

இனி, நம் கட்டுரையின் மையமான வீட்டுக்கு வருவோம். விடுதலைப் போராட்டத்தில் சிறைசெல்ல விரும்பிய கல்கி கிருஷ்ணமூர்த்தி விகடனை விட்டு நீங்கினார். அவரும் அவருடைய நண்பர் தி. சதாசிவமும் 1941 ஆகஸ்டில் 'கல்கி' வார இதழைத் தொடங்கினர். இருவர் கையிலும் பெருமுதல் இல்லை. சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக, ஆண்வேடத்தில் நடித்தார். அந்த ஊதியமே இதழுக்கு முதலாயிற்று. ஒரு பெண்மணியின் குரல் ஒரு பத்திரிகையைப் பெற்றெடுத்தது என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

இதழ் வேரூன்றியதும் அவர்கள் செய்த முதற்பெருஞ்செயல் எது தெரியுமா? எட்டயபுரத்தில் பாரதியாருக்கு மணிமண்டபம் கட்ட வேண்டுமெனக் கல்கி தம் இதழில் வாசகர்களை வேண்டினார். மண்டபத்துக்கு 1945-ல் இராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947-ல் அவரே திறந்து வைத்தார். இதழாசிரியர் ஊரெல்லாம் திரட்டிய சிறுகொடைகளும் பெருங்கொடைகளும் கலந்த கட்டடம் அது. வறுமையில் இறந்த ஒரு கவிஞனுக்கு வாசகர்கள் எழுப்பிய வீடு என்றே அதை நாம் கொள்கிறோம்.

'மீரா' தமிழில் 1945-லும் இந்தியில் 1947-லும் வெளிவந்தபின் எம்.எஸ். திரையுலகை விட்டார். அதன்பின் கச்சேரிதான் அவருடைய வாழ்வு. மருத்துவமனை, பள்ளி, அநாதை இல்லம், நினைவு நிதி என எத்தனையோ அறப்பணிகளுக்காக அவர் பாட, வசூல் அந்தந்த நிறுவனத்துக்கே போயிற்று. எதற்குப் பாடுவது, எவ்வாறு நிதி திரட்டுவது என்பதைச் சதாசிவம் ஒரு தேர்ந்த நிர்வாகியின் திறத்தோடு நடத்தினார். 1963-ல் பதிவான வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத்தொகையைத் திருப்பதி வேதபாடசாலைக்கே எழுதிக் கொடுத்தனர். விடியற்காலையில் தேநீர்க்கடை வானொலியில் அக்குரலைக் கேட்டே நம்மில் பலர் கண்விழித்திருக்கிறோம். அதனால் விளைந்த பணத்தில் பாடியவருக்குப் பங்கில்லை.

1965 அக்டோபரில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் தோன்றி, இனிப் போர் வேண்டாமென முழங்கியதை நம் மூத்த வாசகர்கள் அறிவர். சரியாக ஓராண்டு கழித்து, 1966 அக்டோபரில், அதே அரங்கில் எம்.எஸ். பாடினார். கச்சேரிப் பாடல்களோடு, உலக நாடுகளுக்காக ஆண்டவரின் மன்னிப்பை வேண்டி இராஜாஜி இயற்றிய ஆங்கிலப் பாடலும் அன்று ஒலித்தது. 1974-ல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது இசைக்கென வழங்கப்பட்டதன்று, பொதுத்தொண்டுக்கென வழங்கப்பட்டது.

கொடுத்துக் கொண்டேயிருந்தவர்களுக்கு நெருக்கடி வராமலிருக்குமா? பத்திரிகையில் நட்டம் நேர்ந்தது. கீழ்ப்பாக்கத்தில் தலைவர்களும் கலைஞர்களும் வந்து விருந்துண்ட 'கல்கி தோட்டம்' என்னும் அப்பெரிய இல்லத்தை அவர்கள் விற்க நேர்ந்தது. பின்னர்ச் சிறிய வீட்டில் வாழ்ந்தனர். இதையறிந்த திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரி பி.வி.ஆர்.கே. பிரசாத் உதவ விரும்பினார். இனாமாய்க் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்பதால், அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளைப் பாடிப் பதிவு செய்து தரும்படி ஒரு வேலையாகவே அவர்களிடம் ஒப்படைத்தார். பாலாஜி பஞ்சரத்ன மாலை என்னும் ஐந்து இசைத்தட்டுகள் அவ்வாறு பிறந்தவை. இச்செய்தியைப் பிரசாத் பின்னாளில் தாமே எழுதியுள்ளார். அறுபதைக் கடந்த வயதில், பிறமொழிக் கீர்த்தனைகளைப் புதிதாய்க் கற்று அவர் பாடினார். சதாசிவம் 1997-ல் மறைந்தார். அதன்பின் எம்.எஸ். மேடையேறிப் பாடவில்லை, 1998-ல் பாரத ரத்னா பெற்று, 2004-ல் அவரும் மறைந்தார். 'கல்கி' இதழின் அச்சுப்பதிப்பு 2020-ல் நின்றது.

பாரம்பரியச் செல்வத்தைச் சிந்தாமல் காத்த பதிப்பகக் குடும்பங்களும் உலகில் உண்டு. பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் நகரில், 16-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தோபர் பிளாண்டின் தொடங்கிய அச்சகம் அவருடைய மருமகன் மொரேட்டஸின் வழியினரிடம் முந்நூறு ஆண்டுகள் நிலைத்தது. திருப்பலிப் புத்தகங்களும் குருக்களின் செபநூல்களும் அச்சிட்டே அவ்வீடு செழித்தது. பேரர் பால்தசார் மொரேட்டஸ் புகழ்பெற்ற ஓவியர் ரூபென்ஸின் பள்ளித்தோழர். நூல்களின் முகப்போவியத்தை ரூபென்ஸிடம் கேட்கும்போது ஆறு மாத அவகாசம் கொடுப்பாராம். விடுமுறை நாட்களில் மட்டுமே அவர் அதை வரைவாராம். வேலைநாளில் வரையச் சொன்னால் ஓர் ஓவியத்துக்கு நூறு கில்டர் கொடுக்க நேரும் என்று அந்த வணிகர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்! சிக்கனத்தைக் குறை சொல்லவில்லை. 1876-ல் அக்குடும்பம் வீட்டையும் பழைய அச்சுப்பொறிகளையும் ஓவியங்களையும் நகருக்கு விலைக்குத் தந்தது. அது இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். கீழ்ப்பாக்கத்து வீடு அப்படி எஞ்சவில்லை. ஆனால் ஆண்ட்வெர்ப்பின் செல்வத்தைக் காண அவ்வீட்டுக்குப் போக வேண்டும், எம்.எஸ். தந்தது வில்பட்டி வரை தானே வந்து சேர்ந்தது.

மலையிலிருந்து இறங்கினால் அடிவாரத்தில் வத்தலக்குண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையரும், 'மணிக்கொடி'யை நடத்திய பி.எஸ். ராமையாவும் அந்த ஊரார். அங்கு வளர்ந்த சி.சு. செல்லப்பாவைச் செல்வக்குடும்பங்களின் வரிசையில் சேர்க்க முடியாதெனினும், இங்கே சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 1959-ல் 'எழுத்து' என்னும் சிற்றிதழைத் தொடங்கி, மனைவியின் நகைகளை விற்று, 1970 வரை நடத்தினார். புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாய்ச் சென்று விற்றார். தமிழ்ப் புதுக்கவிதை வளர்ந்த நாற்றங்கால் அவ்விதழ். 1998-ல் அவர் மறைந்தபின், 2001-ல் சாகித்திய அகாதமி விருது வந்தது. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் சீடர்களுக்குச் சுட்டிக்காட்டியது நினைவுக்கு வருகிறதன்றோ?

தமிழில் அச்சுக்குப் பணம் கொடுத்தவர்களின் வரிசையைப் பின்னோக்கித் தொடர்ந்தால், தலைமாட்டில் நிற்பவர்களும் செல்வர்கள் அல்லர். முத்துக்குளித்துறைப் பரதவக் கிறிஸ்தவர்கள் அவர்கள். மூச்சடக்கிக் கடலில் மூழ்கி ஈட்டிய பணத்தைத் திரட்டி, தமிழ் எழுத்துக்கள் வார்க்கவும் அச்சகம் அமைக்கவும் கொடுத்தனர். கோவாவில் செய்த எழுத்துக்களோடு கொல்லத்தில் புதிதாய் வார்த்த எழுத்துக்களையும் கொண்டு, இயேசு சபைக் குரு ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 1578 அக்டோபர் 20-ல் 'தம்பிரான் வணக்கம்' என்னும் செபநூலை வெளியிட்டார். 16 பக்கங்கள். அதன் ஒரு பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.