மருத்துவமனை வேன் எவ்வளவு புகை விடுகிறது? எக்ஸெல்லில் ஒரு கணக்கு

கடந்த ஆண்டு அம்மாவின் சிகிச்சைக்காக வாரம் இரண்டு முறை ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய் வந்தேன். அந்த மருத்துவமனைக்கு இரண்டு வளாகங்கள். டாக்டர் பார்ப்பது ஊருக்குள் இருக்கும் பழைய கட்டடத்தில். ஸ்கேன் எடுப்பது 9 கிலோமீட்டர் தள்ளி, பைபாஸ் ஓரத்துப் புதுக் கட்டடத்தில். இரண்டுக்கும் இடையே 12 சீட் டீசல் வேன், அரை மணிக்கு ஒரு முறை, இலவசமாக ஓடியது.

வசதி நல்ல வசதிதான். ஆனால் அம்மாவுக்கு ஆஸ்துமா. கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டு வேன் நிற்கும். நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்ச் அதன் பின்னாலேயே! அங்கே உட்கார்ந்தால் அம்மாவுக்கு இருமல் தொடங்கிவிடும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. நிர்வாகத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். 'எவ்வளவு புகை?' என்று கேட்டால் என்ன சொல்வது? எக்ஸெல்லைத் திறந்தேன்.

ஒரே ஒரு ஃபார்முலா

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். பெட்ரோல் என்றால் 2.31 கிலோ. ஒரு கிலோ எடைகூட இல்லாத டீசலில் இருந்து இவ்வளவு எப்படி என்கிறீர்களா? காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது.

ஏ2 செல்லில் தூரம் 9, பி2-ல் மைலேஜ் 10 (டிரைவர் சொன்னது), சி2-ல் ட்ரிப் எண்ணிக்கை 48 என்று கொடுத்தேன். காலை 7 முதல் மாலை 7 வரை போக 24, வர 24. டி2-ல் =ஏ2/பி2*சி2*2.68 என்று டைப் செய்து என்டர் தட்டினால், ஒரு நாளைக்கு 115.8 கிலோ!

இருமலுக்குக் காரணம் கார்பன் டை ஆக்சைடு அல்ல. நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும்தான். ஆனால் எல்லாமே எரியும் டீசலில் இருந்து வருபவை. டீசல் குறைந்தால் எல்லாம் குறையும்.

வேனை நிறுத்திவிடலாமா?

முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணக்கு வேறு சொன்னது. வேன் ஒரு முறை போக 2.41 கிலோ. அதே தூரத்தை லிட்டருக்கு 25 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஆட்டோ கடந்தால் 0.83 கிலோ. தனித்தனி ஆட்டோ பிடிக்க வேண்டிய மூன்று பேர் வேனில் ஏறினாலே கணக்கு சரியாகிவிடுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொருவரும் சுற்றுச்சூழலுக்கு லாபம்.

அப்படியானால் எத்தனை பேர் ஏறுகிறார்கள்? மூன்று நாள் நோட்டும் பேனாவுமாக எண்ணினேன். காலை 8 முதல் 11 வரை வேன் நிறைந்து வழிந்தது. ஆளுக்கு 0.2 கிலோதான். பிற்பகல் 1 முதல் 4 வரை சராசரி இரண்டே பேர். ஆளுக்கு 1.2 கிலோ. ஆட்டோவே தேவலை!

பிற்பகல் வேனை மணிக்கு ஒன்றாகக் குறைத்தால் 6 ட்ரிப் மிச்சம், அதாவது 14.5 கிலோ. ஆனால் வேனைத் தவறவிட்ட வயதானவர் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மனம் வரவில்லை.

அடுத்து, நிற்கும்போது எரியும் டீசலைப் போட்டுப் பார்த்தேன். ட்ரிப்புக்குப் பத்து நிமிடம் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். மணிக்கு ஒரு லிட்டர் என்றார் டிரைவர். 8 லிட்டர், 21.4 கிலோ! ட்ரிப்பைக் குறைப்பதைவிட, நிற்கும்போது சாவியைத் திருப்பி அணைப்பதில் மிச்சம் அதிகம். யாருக்கும் சிரமமும் இல்லை.

வேனில் போகும் சி.டி.

பிற்பகலில் ஏறிய இருவரில் ஒருவர் பெரும்பாலும் ஸ்கேன் சி.டி.யையோ ஃபிலிம் கவரையோ எடுத்துப்போகும் ஊழியர். 500 எம்பி ஸ்கேனை 10 எம்பிபிஎஸ் இணைப்பில் அனுப்ப ஏழு நிமிடம் போதும். வேனுக்கு 25 நிமிடம்.

இது புது யோசனை அல்ல. அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் கிராமப்புறங்களில் பார்வை மையங்களைத் தொடங்கியது. தேனி மருத்துவமனையையும் சுற்றியுள்ள மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் உதவியுடன் நெடுந்தூர வைஃபை இணைத்தது. நோயாளி உள்ளூர் மையத்தில் இருக்க, தேனி டாக்டர் வெப்கேமில் பேசுவார். சிகிச்சைக்கு நேரில் வர வேண்டியவர் மட்டும் வந்தால் போதும்.

எலெக்ட்ரிக் வேன்? கிலோமீட்டருக்கு 0.3 யூனிட் என்று வைத்தால் ட்ரிப்புக்கு 2.7 யூனிட். நம் நாட்டு மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. ஆக 1.9 கிலோ. பூஜ்யம் அல்ல. ஆனால் பெஞ்ச் பக்கம் புகை வராது.

ஒரு பக்கத்தில் இந்த ஷீட்டை பிரின்ட் எடுத்து நிர்வாக அதிகாரியிடம் கொடுத்தேன். ட்ரிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது, 'நிற்கும்போது இன்ஜினை அணைக்கவும்' என்று பெஞ்ச் அருகே போர்டு இருந்தது. ஸ்கேனை நெட்வொர்க்கில் அனுப்புவது 'பரிசீலனையில்' இருக்கிறதாம். அம்மா அன்று இருமவில்லை.

உங்கள் ஊர் மருத்துவமனை வேனுக்கும் இதே நான்கு செல்கள் போதும். கோபத்தோடு போவதைவிட ஒரு ஷீட்டோடு போங்கள்.