தீபாவளிக்கும் தீபாவளிக்கும் நடுவே 384 நாள்! பொங்கல் மட்டும் ஏன் நகர்வதில்லை? கொங்கு நோம்பி முதல் வியட்நாமின் 'தெத்' வரை

பொங்கல் எப்போ? ஜனவரி 14 அல்லது 15. யோசிக்கவே வேண்டாம். தீபாவளி எப்போ? இதற்கு காலண்டரைப் புரட்டியே ஆக வேண்டும்.

கோவை - அவிநாசி சாலையில் இருக்கும் கருமத்தம்பட்டியிலும் பக்கத்துச் சோமனூரிலும் இந்தக் கேள்விக்குப் பண மதிப்பு உண்டு. விசைத்தறி ஓட்டுபவருக்கும் மில் தொழிலாளிக்கும் போனஸ், புதுத்துணி, ஊருக்குப் போகும் லீவு என எல்லாமே தீபாவளி நோம்பியை ஒட்டித்தான். அந்த நோம்பி எப்படி நகர்கிறது என்று பாருங்கள்.

2023: நவம்பர் 12
2024: அக்டோபர் 31
2025: அக்டோபர் 20
2026: நவம்பர் 8

முதல் இரண்டு இடைவெளியும் 354 நாள். கடைசி இடைவெளி மட்டும் 384 நாள். அதாவது 2025 தீபாவளிக்கு வாங்கிய போனஸ், அடுத்த போனஸ் வரும்வரை வழக்கத்தைவிட ஒரு மாதம் கூடுதலாகத் தாங்க வேண்டும். மாதாமாதம் கட்டி 12 தவணையில் முடியும் தீபாவளிச் சீட்டு, பண்டிகைக்கு முன்பே முடிந்து காத்திருக்கும். இந்தக் கூடுதல் 30 நாள் எங்கிருந்து வருகிறது?

நிலாவுக்கும் சூரியனுக்கும் 11 நாள் சண்டை

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53 நாள். அதை 12-ஆல் பெருக்கினால் 354 நாள். ஆனால் பருவங்களை நடத்துவது சூரியன். அதன் ஆண்டுக்கு 365 நாளும் கிட்டத்தட்ட கால் நாளும். நடுவே 11 நாள் இடிக்கிறது.

அப்படியே விட்டால் நிலாவை வைத்து வரும் பண்டிகை வருடத்துக்கு 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். மூன்று வருடத்தில் ஒரு மாதம் வித்தியாசம் வந்துவிடும். அதைச் சரிக்கட்ட, சுமார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 13-வது மாதம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். 19 வருடத்தில் இப்படி 7 மாதம் சேர்த்தால் நிலாவும் சூரியனும் ஏறக்குறைய மறுபடி ஒரே இடத்துக்கு வந்துவிடும்.

2026-ல் அப்படி ஒரு கூடுதல் மாதம் வருகிறது. மே 17 முதல் ஜூன் 15 வரை. சூரியன் ரிஷப ராசியில் இருக்கும்போதே இரண்டு அமாவாசை முடிந்துவிடுவதால் வரும் 'அதிக மாதம்' இது. அதற்குப் பின்னால் வரும் பண்டிகைகள் வரிசையாகத் தள்ளிப்போகின்றன. 2025-ல் ஆகஸ்ட் 27-ல் வந்த விநாயகர் சதுர்த்தி, 2026-ல் செப்டம்பர் 14-க்குப் போகிறது. ஆயுத பூஜை அக்டோபர் 1-லிருந்து அக்டோபர் 19-க்கு. தீபாவளியும் அப்படித்தான்.

தமிழ் காலண்டர் சூரியனா, நிலாவா?

இரண்டும். மாதம் சூரியக் கணக்கு. சூரியன் ஒரு ராசிக்குள் நுழைந்தால் புது மாதம். அதனால்தான் மகர ராசியில் நுழையும் தை 1 எப்போதும் ஜனவரி நடுவிலும், சித்திரை 1 ஏப்ரல் 14-ஐ ஒட்டியும் வருகிறது. ஆடி 18 நோம்பியும் இந்த வகைதான். ஆகஸ்ட் 2 அல்லது 3-ஐத் தாண்டாது. ஈரோடு, சேலம் பக்கம் ஆடி 1-ல் தேங்காய் சுடுவதும் சூரியக் கணக்கே.

ஆனால் மாதத்துக்குள் நாளைத் தேர்ந்தெடுக்க நிலா வந்துவிடுகிறது. தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் தை, அது சூரியன் தருவது. பூசம், நிலா அன்று நிற்கும் நட்சத்திரம். 2025-ல் பிப்ரவரி 11, 2026-ல் பிப்ரவரி 1 என்று நகர்ந்தாலும் தை மாதத்தைத் தாண்டவில்லை. மருதமலைக்கும் பழனிக்கும் காவடி எடுப்பவர்கள் நிலாவைப் பார்த்துத்தான் நடைபயணத்துக்கு நாள் குறிக்கிறார்கள்.

கோவையில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. இங்கே தலைமுறைகளாக வாழும் தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்களுக்கு வருடப் பிறப்பே நிலாவை வைத்துத்தான். யுகாதி 2025-ல் மார்ச் 30, 2026-ல் மார்ச் 19. அதிக மாதம் நடுவே வந்துவிடுவதால் 2027-ல் ஏப்ரல் 7. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு வருடப் பிறப்பு நகரும், பக்கத்து வீட்டுக்கு நகராது.

வியட்நாமிலும் இதே கதை

வியட்நாமின் பெரிய பண்டிகை தெத். அவர்களின் நிலவுப் புத்தாண்டு அது. நம் தீபாவளியும் பொங்கலும் சேர்ந்தது மாதிரி. நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் மொத்தமாக ஊருக்குக் கிளம்புவார்கள். வீட்டில் ஒட்டும் தன்மையுள்ள அரிசியும் பாசிப்பயறும் பன்றி இறைச்சியும் வைத்து, இலையில் கட்டி, மணிக்கணக்கில் வேகவைக்கும் சதுரமான 'பான் சுங்' தயாராகும். பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் பணம் கொடுப்பார்கள்.

தெத் 2024-ல் பிப்ரவரி 10, 2025-ல் ஜனவரி 29, 2026-ல் பிப்ரவரி 17. இடைவெளியைக் கணக்குப் போட்டால் முதலில் 354 நாள், அடுத்து 384 நாள். நம் தீபாவளியின் அதே எண்கள்! அவர்களும் கூடுதல் மாதம் சேர்க்கிறார்கள். 2025-ல் அவர்களுக்கு ஆறாவது மாதம் இரண்டு முறை வந்தது. சூரியனின் இடத்தை அளக்கும் முறை வேறு என்பதால், அவர்களின் கூடுதல் மாதமும் நம்முடையதும் ஒரே சமயத்தில் வருவதில்லை.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. பிரபவ, விபவ என்று நமக்கு 60 வருடச் சுழற்சி இருப்பதுபோல் அவர்களுக்கும் 60 வருடச் சுழற்சி உண்டு. மாதத்தின் முதல் நாளும் பௌர்ணமியும் அங்கே பலருக்குச் சைவச் சாப்பாட்டு நாள். நம்மூரில் அமாவாசை விரதம் இருப்பவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

சர்ச்சுக்கும் நிலா உண்டு

கருமத்தம்பட்டியின் அடையாளம் ஜெபமாலை மாதா ஆலயம். 2019-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஜெபமாலை அன்னையின் திருநாள் அக்டோபர் 7. அது நிலையான தேதி, நகராது. ஆனால் அதே ஆலயத்தில் கொண்டாடும் ஈஸ்டர் நகரும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. இதுதான் விதி. அதனால் 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20, 2026-ல் ஏப்ரல் 5.

இஸ்லாமிய நாட்காட்டி முழுக்க நிலாவை மட்டுமே நம்புகிறது. கூடுதல் மாதம் கிடையாது. அதனால் ரம்ஜான் சுமார் 33 வருடத்தில் வெயில், மழை, பனி என எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும்.

ஒரு மணி நேரத்தில் ஒரு மாத வித்தியாசம்

வானத்தில் நிலா ஒன்றுதான். அப்புறம் ஏன் தேதியில் குழப்பம்? எந்த ஊர் நேரப்படி கணக்குப் போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

1968-ல் வட வியட்நாம் ஹனோய் நேரத்துக்கு மாறியது. தெற்கு பழைய நேரத்திலேயே இருந்தது. அந்த அமாவாசை ஹனோயில் ஜனவரி 29 இரவு சுமார் 11.30-க்கு. தெற்கில் ஒரு மணி நேரம் கூடுதல் என்பதால் தேதி 30 ஆகிவிட்டது. விளைவு: பிரிந்திருந்த நாட்டில் வடக்குக்கு 29-ல் தெத், தெற்குக்கு 30-ல். தெத் போர் நிறுத்தத்தை மீறி வடக்குப் படைகள் பெருந்தாக்குதல் தொடங்கியதும் அதே நாட்களில்தான்.

1985-ல் இன்னும் விசித்திரம். முந்தைய டிசம்பரில் சூரியன் தென்கோடியைத் தொட்ட நேரம், ஹனோயில் 21-ம் தேதி இரவு 11.23. பெய்ஜிங்கில் அது 22-ம் தேதி நள்ளிரவு 12.23. அமாவாசையும் அதே 22-ல் வந்ததால் மாதக் கணக்கே மாறிப்போனது. வியட்நாம் ஜனவரி 21-ல் புத்தாண்டு கொண்டாட, சீனா பிப்ரவரி 20-ல் கொண்டாடியது.

நமக்கும் இது புதுசல்ல. பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும், இன்றைய வானியல் கணக்கை வைத்துக்கொள்ளும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் பல இடங்களில் மோதும். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச். நடுவே கிட்டத்தட்ட ஒரு வருடம்! 2024 தீபாவளிக்கு அமாவாசைத் திதி இரண்டு நாளில் விழுந்ததால், வட மாநிலங்களில் அக்டோபர் 31-ஆ, நவம்பர் 1-ஆ என்று பெரிய விவாதமே நடந்தது.

சரி, நமக்கு இதில் என்ன?

* போனஸ்: கணக்கு ஆண்டு முடிந்து 8 மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். மார்ச் 31-ல் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்குக் கடைசி நாள் நவம்பர் 30. அந்தத் தேதி நகராது. தீபாவளிக்கு முன்பே தருவது நிலாவைப் பின்பற்றும் வழக்கம்.

* டிக்கெட்: ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான். 2026 தீபாவளி ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் 6 வெள்ளி இரவு கிளம்ப நினைத்தால் செப்டம்பர் 7 காலையிலேயே உட்கார வேண்டும்.

* லீவு: போன வருடத் தேதியை வைத்து இந்த வருடம் யோசிக்காதீர்கள். 11 நாள் முன்னால் வரும், அல்லது அதிக மாதம் குறுக்கே வந்தால் சுமார் 19 நாள் பின்னால் போகும்.

* சீட்டு: 12 தவணை போட்டிருந்தால், 2026-க்கு ஒரு மாதச் செலவை இப்போதே தனியாக எடுத்துவைப்பது நல்லது.