“நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு!”

பழைய எந்திரங்களின் ஊர் – 11

கொங்கு நாட்டு டிராக்டர் மெக்கானிக்குகளுக்கு ஆடி பிறந்தால் போன் ஓயாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மழை பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கம் மண்ணை நனைத்ததும், மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டிகளை எல்லோரும் ஒரே நேரத்தில் கிளப்பப் பார்ப்பார்கள். பழைய வண்டிகளில் பல முரண்டு பிடிக்கும். அப்போது நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்த வகைதான்.

“ஏனுங்ணா, வண்டி இழுக்கவே மாட்டீங்குதுங்க. என்ன பண்றதுங்க?”

“என்ன வண்டிங்க?”

“மாஸிங்க.”

“புகை என்ன நெறத்துல வருதுங்க?”

“அதைப் பாக்கலீங்களே.”

“ஏர் கிளீனர் ஆயில் மாத்தி எத்தனை நாளாச்சுங்க?”

“அதெல்லாம் தெரியலீங்ணா. நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு!”

மறுமுனையில் இருப்பவர் வேறொரு வண்டிக்கு அடியில், கிரீஸ் படிந்த கையோடு படுத்திருப்பார். கேட்டவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ள மாட்டார். இந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கு அதற்கு இடம் தராது. “சரிங்க, வந்து பாக்கறனுங்க” என்று மட்டும் சொல்வார். அந்த ‘வந்து’ நான்கு நாள் ஆகலாம். அதற்குள் விதைப்புக்கான ஈரம் காய்ந்துவிடும். வண்டியின் கோளாறு கால் மணி நேர வேலையாக இருந்திருக்கலாம். கேட்ட விதத்தில்தான் நான்கு நாள் போயிற்று.

புது டிராக்டர் வாங்கியவருக்குக் கம்பெனி இருக்கிறது, வாரண்டி இருக்கிறது, சர்வீஸ் சென்டர் இருக்கிறது. முப்பது நாற்பது வயதான வண்டிக்கு அப்படி யாரும் கடமைப்பட்டவர் இல்லை. தெரிந்த மெக்கானிக், டீசல் பம்ப் கடைக்காரர், லேத்துப் பட்டறைக்காரர், அதே வண்டியை வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர் என்று சிலருடைய நினைவிலும் மனதிலும்தான் அதன் ஆயுள் இருக்கிறது. அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு எழுதாத முறை ஒன்று உண்டு. பட்டறைகளில் பல ஆண்டுகளாக அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் வண்டியை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்ட அடுத்த தலைமுறைக்கு அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் பெயர். “மாஸி” என்று சொன்னால் போதாது. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே பல ஆண்டுகளாக மாஸி ஃபெர்குசன் வண்டிகளைச் செய்துவருகிறது. நம் ஊர் மாஸி 1035-ன் மூதாதை இங்கிலாந்தின் மாஸி ஃபெர்குசன் 35. நம்முடையதில் இருப்பது சென்னை சிம்சன் எஞ்சின். செகண்ட் ஹேண்டில் கைமாறி வந்த வண்டியாக இருந்தால், அதில் இப்போது இருக்கும் எஞ்சின் அதே வண்டியோடு பிறந்ததா என்பதே கேள்விதான். எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக் குறித்து வைத்திருப்பவர், உதவி கேட்கும்போதே மற்றவர்களைவிட ஒரு நாள் முன்னால் இருக்கிறார்.

“3600” என்று எண்ணை மட்டும் சொல்வதும் இதே சிக்கலைத்தான் கொண்டுவரும். ஃபரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த ஃபோர்டு 3600 கொங்கு விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான வண்டி. 1991-இல் ஃபோர்டின் டிராக்டர் தொழிலை ஃபியட் வாங்கியது. ஃபோர்டு பெயர் மெல்ல மறைந்து நியூ ஹாலண்ட் பெயர் வந்தது. 3600 என்ற எண் அதிலும் தொடர்ந்தது. உதிரிபாகக் கடையில் எண்ணை மட்டும் சொல்லி வாங்கிய சாமான், கோவையிலிருந்து அன்னூர் வரை போய்ப் பொருந்தாமல் திரும்பி வரும். தகட்டைத் துடைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

ஐஷர் 241 வைத்திருப்பவர் “வண்டி சூடாகுதுங்க” என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் வழி தவறிவிடுவார். அது காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின், ரேடியேட்டரே கிடையாது. மற்ற வண்டியில் தண்ணீர், ஃபேன் பெல்ட் என்று தொடங்கும் விசாரணை, இதில் சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களில் அடைந்த மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயருக்கு அடுத்தது அறிகுறி. பழைய டீசல் எஞ்சின் தன் நோயைப் புகையிலேயே சொல்லிவிடும். சுமை ஏறும்போது கரும்புகை வந்தால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை டீசல் சரியாக எரியாததையோ, தண்ணீர் உள்ளே இறங்குவதையோ காட்டும். காலையில் கிளப்பும்போது மட்டும் வருகிறதா, சூடான பிறகும் நிற்கவில்லையா, சட்டிக் கலப்பை மண்ணில் இறங்கியதும் வருகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவ்வளவும் சொன்னால் நல்ல மெக்கானிக் போனிலேயே பாதி வழி வந்துவிடுவார். கோடையில் செம்மண் காட்டில் ஓட்டிய வண்டி கரும்புகை விட்டால், பலமுறை குற்றவாளி ஆயில் பாத் ஏர் கிளீனர்தான். அடிக் கிண்ணத்தில் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் சேறு நிற்கும். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, குறித்த அளவுக்குப் புது ஆயில் ஊற்ற யாருடைய உதவியும் தேவையில்லை.

டீசல் ஃபில்டர் மாற்றிய மறுநிமிடம் வண்டி கிளம்பவில்லை என்றால், அந்த ஃபில்டர் மாற்றிய செய்திதான் விடை. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப், நாசில் என்று டீசல் போகும் பாதையில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பைக் கையால் அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். ஆனால் கேட்பவர் “ஸ்டார்ட் ஆகலீங்க” என்று மட்டும் சொல்லி, ஃபில்டரைப் பற்றி வாய் திறக்காவிட்டால், மெக்கானிக் பேட்டரி, செல்ஃப் மோட்டார் என்று வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார்.

மாஸி வண்டியில் “லிஃப்ட் தூக்கலீங்க” என்ற புகாரும் அப்படித்தான். அதன் ஹைட்ராலிக் பம்ப் தனி டேங்கில் இல்லை. பின்பக்க கியர் பெட்டியின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. ஹாரி ஃபெர்குசனின் பழைய அமைப்பு அது. எனவே அங்கே ஆயில் மட்டம் எவ்வளவு, பிடிஓ லிவர் எந்த நிலையில் இருக்கிறது, கலப்பை மாட்டாமல் வெறும் லிஃப்ட் கையைத் தூக்குகிறதா, தூக்கிய பிறகு தானாக இறங்குகிறதா என்ற நான்கு விவரங்களைச் சொல்லாமல் பம்ப் பழுதா என்று கேட்பதில் பயனில்லை. பம்பை வெளியே எடுப்பது வண்டியைப் பிரிக்கும் பெரிய வேலை. ஆயில் மட்டம் பார்ப்பது ஒரு நிமிடம்.

இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது: கை வைத்ததை மறைக்காமல் சொல்வது. “யாரும் கை வைக்கலீங்க” என்று சொல்லும் வண்டியின் நட்டுகளில் ஸ்பேனர் வழுக்கிய காயம் பளபளவென்று தெரியும். இன்ஜெக்‌ஷன் பம்பில் அளவு வைத்து முடிந்ததும் பம்ப் கடைக்காரர் கம்பி கட்டி ஈயமுத்திரை வைப்பார், அது அறுந்திருக்கும். மெக்கானிக் எதுவும் கேட்க மாட்டார், ஆனால் அதன் பிறகு சொல்லப்படும் எதையும் நம்பவும் மாட்டார். ‘வண்டி இழுக்கலைன்னு அந்த ஸ்க்ரூவை அரைச் சுத்து சுத்தினேன், புகை ஜாஸ்தியாச்சு, திரும்ப வெக்கத் தெரியலை’ என்ற ஒப்புதலுக்கு இருக்கும் மதிப்பே தனி. அது அவருக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்துகிறது.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கழற்றிப் பார்த்துக் கற்பது இந்த மண்ணின் பழைய வழிதான். கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு, சேர்த்து வைத்த காசில் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை அக்கக்காகப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டியதில் அவர் தொழில் தொடங்கியது. 1937-இல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் கோவையில் உருவானதிலும் அவர் பங்கு உண்டு. அந்தப் பெருமை கோவைக்காரர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்பேனரைக் கொடுத்திருக்கிறது. பிரித்தது தவறில்லை, பிரித்ததைச் சொல்லாததுதான் தவறு.

லேத்துப் பட்டறைக்குப் போகும்போது முறை இன்னும் கறாரானது. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று கோவையில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. கடையில் கிடைக்காத சாமானையும் கடைந்து தருவார்கள். ஆனால் தேய்ந்த புஷ்ஷை மட்டும் கொண்டுபோய் “இதே மாதிரி ஒண்ணு வேணுங்க” என்றால், தேய்ந்த அளவிலேயே இன்னொன்று கிடைக்கும். புஷ்ஷோடு அதில் ஓடும் தண்டையும் கொண்டுபோக வேண்டும். தண்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் உள்விட்டத்தை முடிவு செய்ய முடியும். எந்த இடத்தில் ஓடுவது, சுமை எந்தப் பக்கம், ஆயில் எப்படி வருகிறது என்று சொன்னால் வெண்கலமா வார்ப்பிரும்பா என்பதை அவரே சொல்வார். படம் வரையத் தெரியாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. சாமானையும் அதன் ஜோடியையும் மேசைமேல் வைத்தாலே போதும்.

பவர் டில்லர்காரர்களுக்கும் இது பொருந்தும். பெங்களூரு வி.எஸ்.டி.யின் மிட்சுபிஷி சக்தி, கேரளத்தின் காம்கோ என்று மேற்குப் பக்கக் கொங்கில் இரண்டும் ஓடுகின்றன. “டில்லர் இழுக்கலீங்க” என்பவர் எஞ்சின் ஓயும்படி திணறுகிறதா, எஞ்சின் முழு வேகத்தில் ஓடியும் சக்கரம் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது என்றால் எஞ்சினில் குறையில்லை. பெல்ட் வழுக்குகிறது, இல்லையேல் கிளட்ச்.

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துக்கென்றே செய்த சிறு டிராக்டர்களை இதே பிரியத்தோடு காப்பாற்றும் கூட்டம் ஒன்று உண்டு. 1961-இல் வந்த இன்டர்நேஷனல் கப் கேடட், 1963-இல் வந்த ஜான் டியர் 110 போன்றவற்றை இன்றும் ஓடவைக்கிறார்கள். அங்கேயும் உதவி கேட்பவரிடம் முதலில் கேட்பது எண்களைத்தான். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சினின் மேல்மூடியில் மாடல், டைப், கோடு என்று மூன்று எண்கள் பொறித்திருக்கும். கோடு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு மாதம், அடுத்த இரண்டு தேதி. அதைச் சொன்னால் எஞ்சின் பிறந்த நாளே தெரிந்துவிடும். எந்த கார்புரேட்டர், எந்த கேஸ்கெட் என்ற விவாதம் பாதியில் நின்றுவிடும்.

பணம் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. போனில் வழி சொன்னதற்குக் கொங்கு மெக்கானிக் காசு கேட்க மாட்டார். கேட்காததாலேயே அதை இலவசம் என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை. உதிரிபாகக் கடையில் அரை மணி நேரம் நின்று எந்த சாமான் பொருந்தும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பத்து ரூபாய் குறைவென்று அடுத்த கடையில் வாங்குகிறார்கள். ஒரே கோளாறுக்கு மூன்று மெக்கானிக்குகளை ஒரே காலையில் வரச் சொல்லிவிட்டு, முதலில் வந்தவரிடம் வேலையை முடித்துக்கொண்டு மற்ற இருவருக்கும் போன் செய்யாமல் விடுகிறார்கள். இப்படி நடந்த வீட்டுக்கு அடுத்த ஆடியில் யாரும் விரைந்து வருவதில்லை. முந்தைய மெக்கானிக்கைப் பழித்துத் தொடங்கும் பேச்சும் உதவாது. அதைக் கேட்கும் மெக்கானிக் நாளை தனக்கும் அதே பழி கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வார். விதைப்புப் பட்டத்துக்குப் பட்டம் நெருக்கடி வரும் என்று தெரிந்தவர்கள் சித்திரையிலேயே வண்டியைக் காட்டிவிடுகிறார்கள். அப்போது மெக்கானிக்குக்கும் நின்று பேச நேரம் இருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் தவறுவது ஒன்று: சரியான பிறகு திரும்பச் சொல்லாமல் இருப்பது. சொன்ன வழி பலித்ததா, வேறு எதனால் சரியாயிற்று என்று வழி சொன்னவருக்குத் தெரிவதே இல்லை. எச்.எம்.டி. 2511-ஐ எடுத்துக்கொள்வோம். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டர் வடிவமைப்பில் ஹரியானாவின் பின்ஜோரில் உருவான வண்டி அது. அந்த ஆலையை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. இனி கம்பெனியிடம் கேட்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது. எந்த வண்டியின் எந்த பேரிங் அதற்குச் சேரும், எந்த ஆயில் சீல் அப்படியே பொருந்தும், எதைக் கடைய வேண்டும் என்பதெல்லாம் யாரோ ஒருவர் முயன்று பார்த்து, இன்னொருவரிடம் சொல்லி, அவர் நினைவில் வைத்துத்தான் அடுத்தவருக்குப் போகிறது. முயன்றவர் வாய் திறக்காவிட்டால் அடுத்த 2511-காரர் அதே பேரிங்குக்கு மறுபடி முதலிலிருந்து அலைவார்.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வண்டியின் டூல் பாக்ஸில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, கோளாறு, யார் சொன்னது, எது பலித்தது, எந்தச் சாமான் எந்த அளவு என்று நான்கைந்து வரி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் கிராமத் தங்கலுக்குப் போகும்போது இந்த நோட்டுகளையும், மெக்கானிக்குகளின் நினைவையும் எழுதி வாங்கினால், கொங்கு நாட்டுப் பழைய வண்டிகளுக்கு இதுவரை இல்லாத ஒரு கையேடு கிடைக்கும். இந்தத் துறையின் மூத்த மெக்கானிக்குகள் பலர் வேலையைக் குறைத்துக்கொள்ளும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கையேட்டை எழுத வேண்டுமானால் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

(தொடரும்)