மணிக்கு விடை கொடுத்தோம்: நாள்பட்ட நோயுள்ள நாயும் நம்ம மாச பட்ஜெட்டும்



வீட்டு லோன், டெர்ம் இன்சூரன்ஸ், எஸ்.ஐ.பி பத்தியெல்லாம் இங்க நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு பேசப் போற செலவு பெரும்பாலும் யாரோட பட்ஜெட் ஷீட்டிலயும் இருக்காது. குணமாகாத நோயோட இருக்கிற ஒரு நாயை வருஷக்கணக்கா பாத்துக்கிறது, அப்புறம் ஒரு நாள் அதுக்கு விடை கொடுக்கிறது.

"நாய்க்குப் போய் இவ்வளவு செலவா?"ன்னு கேக்கிற சொந்தக்காரங்க ஒரு பக்கம். "உயிருக்கு விலை பாப்பியா?"ன்னு கேக்கிறவங்க இன்னொரு பக்கம். நடுவுல மாட்டிக்கிறது மாசச் சம்பளம் வாங்குற நாமதான். ரெண்டு பக்கமும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு: பணத்தை பத்தி முன்னாடியே பேசி முடிச்சிட்டா, கடைசி நாள்ல பணத்தை பத்தி யோசிக்க வேண்டிய அவசியமே வராது. அன்னைக்கு நாயை மட்டும் பாத்தா போதும்.

எங்க வீட்டு மணியோட கணக்கை அப்படியே வெச்சு சொல்றேன். (ஃபைனான்ஸ் சேனல் நடத்துறவன் வீட்டு நாய்க்கு மணின்னு பேரான்னு சிரிக்காதீங்க. பேரு வெச்சது எங்க அப்பா. சேனல் வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே அவன் மணிதான்.)

முதல்ல நோயை புரிஞ்சுக்குவோம்

மணி ஒரு நாட்டு நாய், 18 கிலோ. 2022 பிப்ரவரியில அவனுக்கு எட்டு வயசு இருக்கும். திடீர்னு தண்ணி நிறைய குடிக்க ஆரம்பிச்சான், ராத்திரியில ரெண்டு தடவை வெளிய போகணும்னு கதவை பிராண்டுனான். ரத்தப் பரிசோதனையில கிரியாட்டினின் 2.1. நாள்பட்ட சிறுநீரக நோய்னு டாக்டர் சொன்னார்.

இந்த நோய்க்கு உலகம் முழுக்க நாலு நிலை வெச்சிருக்காங்க. கிரியாட்டினின் 1.4-ல இருந்து 2.8 வரைக்கும் ரெண்டாவது நிலை. 2.9-ல இருந்து 5 வரைக்கும் மூணாவது. 5-க்கு மேல போனா நாலாவது, அதான் கடைசி நிலை. இதுல கொடுமை என்னன்னா, சிறுநீரகத்தோட வேலைத்திறன் முக்கால்வாசி போன பிறகுதான் கிரியாட்டினின் அளவு தெளிவா ஏற ஆரம்பிக்கும். போன திறன் திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதை காப்பாத்துறதுதான் மொத்த வைத்தியமும்.

அதனால ஏழு வயசு தாண்டின நாய் உங்க வீட்ல இருந்தா, வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தமும் சிறுநீரும் டெஸ்ட் பண்ணிடுங்க. எஸ்.டி.எம்.ஏ-ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. பல நாய்கள்ல அது கிரியாட்டினினுக்கு முன்னாடியே காட்டிக் கொடுக்கும். டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க.

எங்க கணக்கு, ரூபாய் ரூபாயா

முதல் 24 மாசம், மாசத்துக்கு:

- சிறுநீரக நோய்க்கான தனி உணவு (வீட்டு சாப்பாட்டோட டாக்டர் சொன்ன அளவுல கலந்து): 3,500
- மாத்திரைகள்: 1,200
- மூணு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் 1,800, மாசக் கணக்குல: 600
- டாக்டர் ஃபீஸ், ஆட்டோ: 200

மொத்தம் 5,500. 24 மாசத்துக்கு 1,32,000.

2024 பிப்ரவரியில கிரியாட்டினின் 3.6. மூணாவது நிலை. வாந்திக்கும் பிரஷருக்கும் மாத்திரை கூடி 2,000 ஆச்சு. டெஸ்ட் மாசா மாசம். தோலுக்கு அடியில ட்ரிப்ஸ் ஏத்துறதை டாக்டர் எங்களுக்கே கத்துக் கொடுத்தார். வாரத்துக்கு மூணு நாள், ஆபீஸ் முடிச்சு வந்து தங்கச்சி பாட்டிலை தூக்கிப் பிடிப்பா, நான் ஊசி போடுவேன். பாட்டில், ஊசி எல்லாம் சேத்து மாசம் 1,000. இப்படி மாசச் செலவு 8,500-க்கு வந்துச்சு. பத்து மாசத்துக்கு 85,000.

நடுவுல ரெண்டு தடவை அட்மிட் பண்ணினோம், 23,000. ஆக 34 மாசத்துல 2,40,000.

பெரிய தொகைதான். ஆனா ஒரு ரூபாய்கூட கடன் இல்ல. எப்படின்னு சொல்றேன்.

இது எமர்ஜென்சி இல்ல

நாள்பட்ட நோய்னு தெரிஞ்ச நிமிஷமே அது எமர்ஜென்சி கணக்குல இருந்து வெளிய வந்துடுது. வரும்னு தெரிஞ்ச செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்டை தொடக் கூடாது. அது உங்களுக்கு வேலை போனா சாப்பிடுறதுக்கான பணம்.

நோய் தெரிஞ்ச மாசமே தங்கச்சியும் நானும் தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட்டை இதுக்குன்னு ஒதுக்கினோம். ஆளுக்கு 3,750, மாசம் 7,500. சம்பளம் வந்த மறுநாளே ஆட்டோமேட்டிக்கா போயிடும். முதல் ரெண்டு வருஷம் செலவு 5,500 தான். மிச்சம் 2,000 அங்கேயே தங்கும். நோய் முத்தும்போது செலவு ஏறும்னு டாக்டர் முதல் நாளே சொல்லிட்டதால அன்னைய செலவைவிட கூடவே போட்டோம். 34 மாசத்துல போட்டது 2,55,000. நான் கார் வாங்குறதை தள்ளிப் போட்டேன், தங்கச்சி ஒரு ட்ரிப்பை விட்டா. எஸ்.ஐ.பி-யை யாரும் நிறுத்தல.

எல்லாராலயும் மாசம் 7,500 எடுத்து வெக்க முடியாது, தெரியும். உங்களால 2,000 தான் முடியும்னா அதை டாக்டர்கிட்ட வெளிப்படையா சொல்லுங்க. நல்ல டாக்டர் அந்த 2,000-க்குள்ள எது முக்கியமோ அதை வரிசைப்படுத்தித் தருவார். சென்னையில இருக்கிறவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. கட்டணம் தனியார் கிளினிக்கைவிட ரொம்ப குறைவு, ஆனா காத்திருக்க நேரம் வேணும்.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

நம்ம நாட்டுல நாய்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. ஆனா ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு கிளெய்ம் கிடைக்காது. சேர்றதுக்கு வயசு வரம்பு உண்டு, காத்திருப்புக் காலமும் உண்டு. அதனால நோய் வந்த பிறகு தேடுறதுல பிரயோஜனம் இல்ல. நாய் குட்டியா, ஆரோக்கியமா இருக்கும்போதே பாலிசி விவரத்தை வரி வரியா படிச்சு முடிவு பண்ணுங்க.

ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ் நாய்க்கு வராது. வருமான வரியில மருத்துவ இன்சூரன்ஸ் சலுகை உங்களுக்கு, கணவன் மனைவிக்கு, உங்களை நம்பி இருக்கிற குழந்தைகளுக்கு, அப்பா அம்மாவுக்கு மட்டும்தான். ஒரே ஒரு ஆறுதல், கால்நடை கிளினிக்கோட சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி கிடையாது.

எல்லைக்கோடு: நல்லா இருக்கும்போதே எழுதி வெக்கணும்

மூணாவது நிலைன்னு தெரிஞ்ச வாரம் வீட்ல நாலு பேரும் உக்காந்து பேசினோம். எவ்வளவு செலவு பண்ணலாம்னு மட்டும் இல்ல, எது வரைக்கும் அவனை இழுத்துப் பிடிக்கலாம்னும் பேசினோம்.

இதுக்கு உதவுற ஒரு அளவுகோல் இருக்கு. அமெரிக்க கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் உருவாக்கினது. வலி, பசி, உடம்புல நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா இருக்கான்னு ஏழு விஷயம். ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க் போடணும். மொத்தம் 70-ல 35-க்கு மேல இருந்தா இன்னும் பாத்துக்கலாம்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை காலையில அம்மாதான் மார்க் போடுவாங்க. எங்களைவிட அவங்க கண்டிப்பு.

அதோட எங்க மணிக்குன்னு மூணு வரி எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டினோம். ரெண்டு நாள் தொடர்ந்து சாப்பிடலைன்னா. மூத்திரம் போக எழுந்திருக்க முடியலைன்னா. அப்பாவோட வண்டி சத்தம் கேட்டும் தலையை தூக்கலைன்னா. மூணும் ஒண்ணா நடந்தா, நிறுத்திக்கலாம்.

எழுதும்போது தங்கச்சி எழுந்து உள்ள போயிட்டா. திரும்பி வந்து அவளும் கையெழுத்து போட்டா.

அந்த வாரம்

2024 நவம்பர். கிரியாட்டினின் 7.8. மூணு வரியும் நடந்துடுச்சு.

ஒரு கிளினிக்ல மூணு நாள் அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்தலாம், சுமார் 35,000 ஆகும்னு சொன்னாங்க. அக்கவுண்ட்ல இருந்தது 15,000.

"மிச்சத்தை என் கார்டுல போட்டுக்கலாம்ணா"ன்னு தங்கச்சி சொன்னா. மொத்தத்தையும் நானே போட்டிருக்க முடியும். பணம் அங்க தடையே இல்ல.

அதனாலதான் டாக்டர்கிட்ட பணத்தை பத்தி கேக்காம வேற ஒண்ணு கேட்டேன். "சார், இதை பண்ணினா அவனுக்கு எத்தனை நல்ல நாள் கிடைக்கும்?"

அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு சொன்னார். "நம்பர் குறையலாம். ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் இதே இடத்துக்குத்தான் வருவோம். அந்த மூணு நாளும் அவன் கூண்டுலதான் இருப்பான்."

டயாலிசிஸ் பத்தியும் கேட்டோம். வேப்பேரியில நாய்களுக்கு அந்த வசதி இருக்கு. ஆனா அது பெரும்பாலும் திடீர்னு சிறுநீரகம் பாதிச்ச நாய்களுக்கு, அது தேறி வர்ற வரைக்கும் நேரம் வாங்கித் தர்றதுக்கு. மணிக்கு தேறி வர்றதுக்கு எதுவும் மிச்சம் இல்ல.

அப்பா வாசப்படியில அவன் பக்கத்துல உக்காந்திருந்தார். "போதும்டா. இனிமே பண்றதெல்லாம் நமக்காகத்தான். அவனுக்காக இல்ல"ன்னார்.

மறுநாள் சனிக்கிழமை டாக்டர் வீட்டுக்கே வந்தார். இதை பலரும் சொல்றதில்ல, அதனால சொல்றேன். முதல்ல ஒப்புதல் படிவத்துல கையெழுத்து. அப்புறம் மயக்க ஊசி, நாய் சாதாரணமா தூங்குற மாதிரி தூங்கிடும். அதுக்கப்புறம்தான் ரத்தக் குழாய்ல அளவு கூடுதலான மயக்க மருந்து. சில நிமிஷத்துல இதயம் நின்னுடும். கண்ணு மூடாது, அதுக்கு தயாரா இருங்க. அதுக்குப் பிறகு ஓரிரு மூச்சு இழுக்கிற மாதிரி தெரியலாம். அது வலி இல்ல.

மணியோட தலை அப்பா மடியில இருந்துச்சு. எல்லாம் சேத்து இருபது நிமிஷம்.

வீட்டுக்கு வந்ததுக்கு 4,000, எரியூட்ட 3,500. புதைக்கிறதா இருந்தா ஆழமா குழி தோண்டணும். உடம்புல அந்த மருந்து தங்கியிருக்கும், காக்காவோ தெருநாயோ கிளறித் தின்னா அதுக்கும் ஆபத்து.

அதுக்கப்புறம்

திங்கக்கிழமை நான் லீவ் போட்டேன். நம்ம ஆபீஸ்கள்ல இதுக்குன்னு தனி லீவ் பெரும்பாலும் கிடையாது. கேஷுவல் லீவ் எடுத்துக்குங்க. காய்ச்சல்னு பொய் சொல்ல வேண்டாம். மேனேஜர்கிட்ட "வீட்டு நாய் இறந்துடுச்சு"ன்னு ஒரு வரி போதும்.

அக்கவுண்ட்ல 7,500-ம் கொஞ்சம் வட்டியும் மிச்சம் இருந்துச்சு. எங்க தெருநாய்களுக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி போட அதை கொடுத்துட்டோம். பிரிக்காத உணவுப் பையை டாக்டர் வேற ஒரு நாய்க்கு வாங்கிக்கிட்டார். அந்த 7,500 ஆட்டோ டிரான்ஸ்ஃபரை நிறுத்த மட்டும் ரெண்டு மாசம் ஆச்சு. ரெண்டு பேருக்கும் மனசு வரல.

"இன்னும் கொஞ்சம் செலவு பண்ணியிருந்தா?"ங்கிற கேள்வி எல்லார் வீட்லயும் வரும். எங்க வீட்லயும் வந்துச்சு. அப்போ ஃபிரிட்ஜ்ல இருந்த அந்த மூணு வரியை எடுத்துப் படிச்சோம். அழுதுக்கிட்டே எடுத்த முடிவு இல்ல அது, அவன் வாலை ஆட்டிக்கிட்டு பக்கத்துல இருந்தப்போ எடுத்தது. அந்த பேப்பர்தான் எங்களை காப்பாத்துச்சு.

இந்த வாரமே பண்ணக்கூடியது

- நாய் ஆரோக்கியமா இருந்தா: மாசம் 500, 1,000 எது முடியுமோ, தனி அக்கவுண்ட்ல ஆரம்பிங்க. இன்சூரன்ஸ் பாக்கிறதா இருந்தா இப்பவே பாருங்க.
- ஏழு வயசு தாண்டியிருந்தா: வருஷாந்திர டெஸ்ட் தேதியை காலண்டர்ல போடுங்க.
- நோய் ஏற்கெனவே வந்திருந்தா: டாக்டர்கிட்ட மூணு கேள்வி. அடுத்த நிலையில மாசம் எவ்வளவு ஆகும்? எது அவசியம், எதை விடலாம்? கடைசி கட்டம்னு நான் எப்படி தெரிஞ்சுக்கிறது?
- வீட்ல எல்லாரும் சேந்து உங்க நாய்க்கான அந்த மூணு வரியை எழுதுங்க.
- கிரெடிட் கார்டை இதுக்கு நம்பாதீங்க. 35,000-ஐ கட்டாம விட்டா, மாசம் 3.5 சதவீதம்னு வெச்சாலே வட்டி மட்டும் 1,225. துக்கத்தோட அந்த பில்லையும் சேத்து சுமக்க வேண்டாம்.
- முடியலைன்னு எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வராதீங்க. 1960-ம் வருஷ விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

அந்த தனி அக்கவுண்ட்டை எப்படி பிரிச்சு வெக்கிறது, ஆட்டோ டிரான்ஸ்ஃபர் எப்படி போடுறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டுறேன். அதுவரைக்கும், இன்னைக்கு சாயந்திரம் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போய் அவங்களை ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. அதுக்கு செலவே இல்ல.