வழிவிடும் உமி

66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறிய மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. குழாயைத் திறந்ததும் இனிப்புச் சாறு நன்றாகவே வருகிறது. இரண்டு லிட்டர் இறங்குவதற்குள் அது நூலாக மெலிந்து, சொட்டாகி, நின்றுவிடுகிறது. வீட்டில் பார்லியிலிருந்து நேரடியாக பீர் காய்ச்சும் எல்லோருக்கும் ஒருநாள் இது நேரும். பாத்திரத்தைக் குறை சொல்லும் முன், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இந்தக் கலை சட்டம் அனுமதிக்கும் ஊர்களுக்கானது. அமெரிக்காவில் 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் சொந்தத் தேவைக்குக் காய்ச்ச வழிசெய்தது. தமிழ்நாட்டில் உரிமமின்றிக் காய்ச்சுவது குற்றம்.

அமெரிக்க வீடுகளில் ஊறல் பாத்திரம் பெரும்பாலும் 38 லிட்டர் குடிநீர் கூலர்தான். அதன் அடியில் துளையிட்ட தட்டோ, ஸ்டீல் கம்பிப் பின்னல் குழாயோ இருக்கும். அதுதான் வடிகட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உமியைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவுதான். வடிகட்டுவது அதன்மேல் படியும் பார்லி உமிப் படுகை. உமிகளுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகள்தான் சாறு இறங்கும் வழி. புட்டுக் குழலில் மாவை அழுத்தி அடைத்தால் ஆவி மேலேறாது. படுகை அழுந்தினால் சாறு கீழிறங்காது.

இப்போதே அடைத்திருந்தால்

குழாயை மூடுங்கள். பதற வேண்டாம், இந்தச் சாறு எப்படியும் பிறகு ஒரு மணி நேரம் கொதிக்கப்போகிறது. சாறு வெளியேறும் ரப்பர் குழாயின் நுனியை ஊறல் மட்டத்துக்கு மேலே தூக்கி, புனல் வைத்து, 76 டிகிரி வெந்நீர் ஒன்றிரண்டு லிட்டரை ஊற்றிக் குழாயைத் திறங்கள். நீர் அடியிலிருந்து புகுந்து படுகையைத் தூக்கிவிடும். வாயால் ஊதாதீர்கள், சூடான சாறு திரும்பி வந்தால் முகம் வெந்துவிடும்.

அப்போதும் அசையாவிட்டால் அடிவரை மெதுவாகக் கிளறி, பத்து நிமிடம் படியவிடுங்கள். முதலில் வரும் கலங்கல் சாற்றைக் குவளையில் பிடித்து, படுகை கலையாமல் மேலேயே ஊற்றுங்கள். மாவும் தூளும் வருவது நின்று சாறு தெளிந்த பிறகு சேகரிக்கலாம்.

ஏன் அடைக்கிறது?

முதல் காரணம் அவசரம். குழாயை முழுக்கத் திறந்தால், படுகை விடும் அளவைவிட வேகமாகச் சாறு உறிஞ்சப்படுகிறது. உமி கீழ்நோக்கி இழுபட்டு இறுகுகிறது. ரப்பர் குழாய் தரைவரை நீண்டு தொங்கினால் இழுப்பு இன்னும் கூடும். கால்வாசி திறந்து தொடங்குங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போதும். வெந்நீர் விட்டுக்கொண்டே வடிப்பவர்கள் படுகைக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அரைவை. மால்ட்டை மாவாக்கக்கூடாது. பருப்பு உடைய வேண்டும், உமி முழுசாக நிற்க வேண்டும். உருளை அரைவை எந்திரத்தில் சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி நல்ல தொடக்கம். அரைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு 5 கிலோ மால்ட்டுக்கு 100 மில்லி தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்தால் உமி பதமாகி, நொறுங்காமல் தப்பும்.

மூன்றாவது, தானியம். கோதுமையின் உமி கதிரடிக்கும்போதே போய்விடுகிறது. கோதுமை போலத் தோன்றும் ரை தானியத்துக்கும் அப்படியே. ரையிலும் ஓட்ஸிலும் பீட்டா குளுக்கான் என்ற பசைப்பொருள் மிகுதி. ஓட்ஸ் கஞ்சியின் கொழகொழப்பு அதனால்தான். இவற்றைச் சேர்க்கும்போது முதலில் 20 நிமிடம் 40 முதல் 45 டிகிரியில் ஊறவிட்டால் பசை உடையும். இன்னொரு துணை, நம் நெல் ஆலை வாசலில் மலையாகக் குவிந்து கிடக்கும் அதே நெல் உமி. அமெரிக்காவில் அதைப் பொட்டலமாக விற்கிறார்கள். 5 கிலோ தானியத்துக்குக் கால் கிலோ, கோதுமை பாதிக்கு மேல் போனால் அரைக் கிலோ. அலசிச் சேர்த்தால் சுவை மாறாது, வழி மட்டும் திறக்கும்.

நான்காவது, சூடு. ஆறிய சாறு பாகுபோல் கெட்டியாக நகரும். வடிக்குமுன் ஊறலை 76 டிகிரிக்கு ஏற்றினால் இளகி ஓடும். 78-ஐத் தாண்டவேண்டாம், உமியின் துவர்ப்பு இறங்கிவிடும்.

கடைசியாகத்தான் பாத்திரம். கம்பிப் பின்னல் தானியத்தின் எடையில் நசுங்கியிருக்கலாம். உள்ளே ஒரு கம்பிச் சுருளைச் செருகினால் நிமிர்ந்து நிற்கும். பின்னலுக்குப் பதில் செம்புக் குழாய் வைத்திருந்தால், அதில் வெட்டிய கீறல்கள் கீழ்நோக்கி இருக்கட்டும்; மேல்நோக்கி இருந்தால் தூள் நேராக விழுந்து அடைக்கும்.

பலர் இந்தக் கடைசிக் காரணத்திலிருந்தே தொடங்கி, புதுத் தட்டு வாங்கிவிட்டு, மறுபடியும் குழாயை முழுக்கத் திறக்கிறார்கள். அடுத்த முறை எதையும் வாங்குமுன் குழாயைக் கால்வாசி மட்டும் திறந்து, ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். இழுக்காமல் விட்டால் உமி தானே வழிவிடும்.